பழைய ஜீப்புக்கு சிந்தெடிக் ஆயில் ஊற்றலாமா?

பட்டறைப் பக்கம்

''எங்களிடம் 1997-ம் வருட மகேந்திரா ஜீப் இருக்கிறது. பெஜோ டீசல் இன்ஜின். அப்பா வாங்கியது. மிளகு, பலா, வாழைத்தார், அன்னாசி ஏற்றிக்கொண்டு சோளக்காடு சந்தைக்கும், சில நாள் சேந்தமங்கலம், நாமக்கல் வரைக்கும் போய் வருவோம். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும். இதுவரை 15டபிள்யூ-40 ஆயில்தான் ஊற்றி வருகிறோம். லிட்டர் 380 ரூபாய். இந்த முறை கடைக்காரர், 'சிந்தெடிக் ஊத்துங்க. லிட்டர் 900 ரூபாய்தான். 15,000 கிலோமீட்டருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். புகையும் குறையும்' என்கிறார். எங்கள் மெக்கானிக்கோ, 'பழைய வண்டிக்கு அதை ஊத்தினா சீல் எல்லாம் போயிரும்' என்கிறார். இப்போதே ராத்திரி நிறுத்திய இடத்தில் சொட்டு விழுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் நடு இரவில் பிரசவ வலி என்றாலும், பாம்புக்கடி என்றாலும் இந்த வண்டிதான் முதலில் கிளம்பும். அதனால் பரீட்சை பார்க்க பயமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?''

- வாசகர் ஒருவர், வாழவந்தி நாடு, கொல்லிமலை.

உங்கள் கடிதத்தில் இருந்த கடைசி இரண்டு வரிக்காகவே இந்த இதழில் இதை முதலில் எடுத்துக்கொண்டேன். பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை சிந்தெடிக் வேண்டாம். பழைய 15டபிள்யூ-40-ஐயே ஊற்றுங்கள். மிச்சமாகும் பணத்தை அந்தச் சொட்டை நிறுத்தச் செலவு செய்யுங்கள். சொட்டு நின்ற பிறகு சிந்தெடிக் ஊற்ற ஆசை இருந்தால் ஊற்றலாம், தப்பில்லை. ஆனால், எந்த ஆயில் ஊற்றினாலும் 15,000 கிலோமீட்டர் என்ற பேச்சை மட்டும் மறந்துவிடுங்கள்.

கடைக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மெக்கானிக் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. சிக்கல் மீதிப் பாதியில்தான்.

சிந்தெடிக் என்றால் என்ன? சாதாரண இன்ஜின் ஆயில், கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்து எடுப்பது. முறத்தில் புடைத்த சாமை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு புடைத்தாலும் பெருமணி, சிறுமணி, குறுநொய் எல்லாம் கொஞ்சம் கலந்துதான் இருக்கும். அதில் மெழுகும் கொஞ்சம் இருக்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல, கடும் குளிரில் அந்த மெழுகு ஆயிலை இறுக்கும். சிந்தெடிக் ஆயில் ஒரே அளவு மணியாகப் பொறுக்கி எடுத்த மாதிரி. சூட்டில் சீக்கிரம் ஆவியாகாது. குளிரில் சீக்கிரம் இறுகாது. அதிக வெப்பத்தில் நாள்பட ஓடினாலும் கெட்டியாகி, பிசின் பிடிப்பது குறைவு. இதெல்லாம் உண்மைதான். கடைக்காரர் இந்த அளவில் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். டப்பாவில் சிந்தெடிக் என்று போட்டிருப்பதெல்லாம் வேதியியல் கூடத்தில் கட்டி உருவாக்கிய எண்ணெய் அல்ல. கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததையே ஹைட்ரஜன் கொடுத்து மிகவும் சுத்தமாக்கி, அதையும் சிந்தெடிக் என்றே விற்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் கம்பெனிகளுக்குள் இதைப் பற்றி வழக்காடல் நடந்து, 1999-ல் 'அப்படிச் சொல்லலாம்' என்று விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பல நாடுகளில் அதே வழக்கம்தான். அந்த ஆயில் மோசம் என்று சொல்லவில்லை, நல்ல ஆயில்தான். பெயரைப் பார்த்து மயங்கி விலை கொடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது குளிர் விஷயத்துக்கு வருவோம். 15டபிள்யூ-40 என்பதில் முன்னால் இருக்கும் எண் குளிரைக் குறிக்கும். பின்னால் இருக்கும் எண், இன்ஜின் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கனமாக நிற்கும் என்பதைக் குறிக்கும். 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியில்கூட இன்ஜினைச் சுற்ற விடும். மைனஸ் 25 டிகிரியிலும் பம்பு அதை இழுக்கும். அதுதான் அதற்கு வைத்திருக்கும் பரீட்சை. மார்கழி விடியற்காலையில் கொல்லிமலையில் போர்வையை விட்டு எழுந்திருக்க மனசு வராதுதான். அதற்காக மைனஸ் 20 டிகிரி எங்கே இருக்கிறது? சிந்தெடிக்கின் பெரிய பெருமையே குளிரில் சட்டென்று ஓடுவது. அந்தப் பெருமைக்கு நம் ஊரில் வேலை இல்லை. காஷ்மீர், லடாக்கில் வண்டி ஓட்டுகிறவர்கள் அதற்குக் காசு கொடுக்கட்டும்.

பின்னால் இருக்கும் 40 என்ற எண்தான் உங்கள் ஜீப்புக்கு உயிர். 70 கொண்டை ஊசி வளைவில் மூட்டை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின் கொதிக்கக் கொதிக்க வேலை செய்யும். அந்தச் சூட்டில் கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் நிற்கும் ஆயில் படலம் மெலிந்துவிடக் கூடாது. 25 வருடத்துக்கு மேல் ஓடிய இன்ஜினில் பேரிங் இடைவெளி புதுசில் இருந்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதில் 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயிலை ஊற்றினால், சூடான பிறகு பிரஷர் இறங்கும். புதிய கார்களுக்கு மெல்லிய ஆயில் கொடுப்பது மைலேஜுக்காக. அந்த இன்ஜினின் இடைவெளியே வேறு. அதனால், என்றைக்காவது நீங்கள் சிந்தெடிக் ஊற்றினாலும் பின் எண் 40 ஆக இருக்கட்டும். 5டபிள்யூ-40 ஊற்றலாம், 15டபிள்யூ-40 ஊற்றலாம். 30 வேண்டாம்.

எண்ணோடு இன்னொரு குறியும் டப்பாவின் முதுகில் இருக்கும். ஏபிஐ சிஎஃப்-4, சிஹெச்-4, சிஐ-4 என்று 'சி'யில் ஆரம்பித்தால் டீசலுக்கு. 'எஸ்'ஸில் ஆரம்பித்தால் பெட்ரோலுக்கு. இரண்டும் போட்டிருந்தால் முதலில் எது இருக்கிறதோ அதற்காகவே முக்கியமாகச் செய்தது. உங்கள் ஜீப்புக்கு சிஹெச்-4 அல்லது சிஐ-4 தாராளமாகப் போதும். அந்த இன்ஜின் வந்த காலத்தில் இருந்த ஆயிலைவிட இவை எவ்வளவோ மேல். சிகே-4 என்பது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் வைத்த புதிய டீசல் வண்டிகளை நினைத்து 2016 கடைசியில் வந்தது. உங்கள் சைலன்சரில் அந்த ஃபில்டரே கிடையாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இனி அந்த 15,000 கிலோமீட்டர் பேச்சு. இதை டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். டிராக்டருக்கு நாம் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. மணிக்கணக்குதான். பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். ஜீப்புக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மலையில் ஏறி இறங்கி, சந்தையில் இன்ஜினை அணைக்காமல் நின்று, சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வந்தால் பெரிசு. 5,000 கிலோமீட்டர் என்பது 250 மணி நேரம். 15,000 என்பது 750 மணி நேரம். பைபாஸில் மணிக்கு 60-ல் போகிற கார் 15,000 கிலோமீட்டரை 250 மணி நேரத்தில் முடித்துவிடும். கடைக்காரர் டப்பாவில் இருந்த எண்ணைப் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்த எண் உங்கள் மலைக்காக அச்சடித்தது அல்ல. 750 மணி நேரம் ஆயில் மாற்றாமல் உழவு ஓட்ட எந்த டிராக்டர்காரராவது சம்மதிப்பாரா?

அதிலும் பழைய டீசல் இன்ஜினில் ஆயில் கெட்டுப்போவதற்கு முன்னால் அழுக்காகிவிடும். ஊற்றி இரண்டாம் நாளே கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது கரி. கறுப்பதைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. ஆயில் கரியைச் சுமக்கிறது, தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஆனால், ஒரு கூடையில் இவ்வளவுதான் கொள்ளும். கூடை மூங்கில் கூடையா, பிளாஸ்டிக் கூடையா என்பது கரிக்குத் தெரியாது. தேய்ந்த ரிங் வழியாகக் கரியும் கொஞ்சம் டீசலும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்போது, 900 ரூபாய் ஆயிலும் 380 ரூபாய் ஆயிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் அழுக்காகும். அந்த அழுக்கை வெளியே அனுப்ப ஒரே வழி, சம்ப் நட்டைக் கழற்றுவதுதான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உங்கள் வண்டிக்கு ஆறு லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். டிப் ஸ்டிக் காட்டுவதுதான் சரியான அளவு. 15,000 கிலோமீட்டரில் 15 லிட்டர் மேலே ஊற்றுகிறீர்கள். கடைக்காரர் சொன்னபடியே சிந்தெடிக்கை ஒரு தடவை மட்டும் மாற்றினால் ஆறும் பதினைந்தும் 21 லிட்டர், 18,900 ரூபாய். சாதா ஆயிலை 5,000-க்கு ஒருமுறை மூன்று தடவை மாற்றினால் பதினெட்டும் பதினைந்தும் 33 லிட்டர், 12,540 ரூபாய். இரண்டு ஃபில்டர் கூடுதலாக ஆகும். அதைச் சேர்த்தாலும் சாதா ஆயில்தான் மலிவு. அதாவது, அவர் சொன்னது முழுக்க உண்மையாகவே இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம். காரணம் ஆயில் அல்ல, சொட்டு. ஒழுகுகிற பானையில் பசும்பால் ஊற்றினால் என்ன, எருமைப்பால் ஊற்றினால் என்ன?

மெக்கானிக் சொன்னதில் என்ன உண்மை என்று பார்ப்போம். சிந்தெடிக் ஆயில் கார்களுக்குப் பரவலாக வர ஆரம்பித்த 1970-களில், சில ஆயில்கள் ரப்பர் சீலைச் சுருங்க வைத்தன. சில ஆயில்கள் ஊதி மென்மையாக்கின. அந்தப் பேச்சு அப்படியே பட்டறை பட்டறையாகக் கைமாறி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு இரண்டு வகை எண்ணெயையும் கலந்து, சீலுக்கு ஒத்துப்போகிற மாதிரி செய்துவிட்டார்கள். இன்றைய சிந்தெடிக் நல்ல சீலைக் கெடுக்காது. ஆனால், கெட்டுப்போன சீலைக் காட்டிக்கொடுக்கும். வருடக்கணக்கில் சூடு பட்டு இறுகி, வெடித்த சீலின் ஓரத்தில் பிசின் அடைத்து ஒழுகலை நிறுத்தி வைத்திருக்கும். அழுக்கு நீக்கும் சக்தி கூடுதலாக உள்ள ஆயில் அந்தப் பிசினைக் கழுவிவிடும். நேற்று வரை சொட்டாத வண்டி இன்றைக்குச் சொட்டும். ஆயில் மேல் பழி விழும். உங்கள் வண்டியோ ஏற்கெனவே சொட்டுகிறது. அதனால் உங்கள் மெக்கானிக்கின் பயம் காரணத்தில் தவறு, முடிவில் சரி. அவரிடம் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். நல்ல மெக்கானிக் மலை மேலே கிடைப்பது அரிது.

சரி, அந்த ஒரு லிட்டர் எங்கே போகிறது? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வெளியே சொட்டுகிறது, இல்லையென்றால் உள்ளே எரிகிறது. பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் என்றால் டைமிங் கவர் சீலாக இருக்கலாம். நடுவில் என்றால் சம்ப் பேக்கிங், அல்லது மேலே டாப்பெட் கவர் பேக்கிங்கிலிருந்து இன்ஜின் ஓரமாக வழிந்து வந்தது. டாப்பெட் கவர் என்றால் செலவு சொற்பம், அரை மணி நேர வேலை. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் கிராங்கின் பின் சீல். அதற்கு கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கூலி கூடும். ஆனால், அதை விட்டுவைத்தால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டு, ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். மூட்டையோடு நாற்பதாவது வளைவில் கிளட்ச் வழுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள். ஒரே கூலியில் முடியும்.

சீல் பார்ப்பதற்கு முன்னால் இன்ஜினின் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே காற்று அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். பத்து நிமிட வேலையில் பாதிச் சொட்டு நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

எரிவதைப் புகை சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு பக்கம். ஏற்றத்தில் விடாமல் நீலமாக வந்தால் ரிங், லைனர் பக்கம். கன்னங்கரேல் என்று வந்தால் அது ஆயிலே அல்ல, ஏர் ஃபில்டரோ நாசிலோ பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் பேக்கிங்கை உடனே பாருங்கள். உங்களுக்கு எந்தப் புகை என்று கடிதத்தில் எழுதவில்லை. 'புகையும் குறையும்' என்று கடைக்காரர் சொன்னது எதை வைத்து என்றும் எனக்கு விளங்கவில்லை. தேய்ந்த ரிங்கை எந்த ஆயிலும் வளர்க்காது.

மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்டு சிலர் ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று அலறுவார்கள். பனிக்காலத்தில் வீட்டிலிருந்து செம்மேடு வரைக்கும் போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் இன்ஜின் முழுசாகச் சூடேறாது. உள்ளே வேர்க்கும் ஈரம் மூடியில் படியும். டிப் ஸ்டிக்கில் இருக்கும் ஆயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால் பயம் இல்லை. ஒருநாள் நாமக்கல் வரை போய் வந்தால் காணாமல் போகும். டிப் ஸ்டிக்கிலேயே மோர் நிறம் இருந்தால்தான் வண்டியை நகர்த்தக் கூடாது.

டிப் ஸ்டிக்கைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது நான் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, பழைய டீசல் வேன் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அடுத்தவன் வண்டிக்கு ஆயிரம் புத்தி சொல்வேன். என் வண்டிக்கு, ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு விலை உயர்ந்த மெல்லிய சிந்தெடிக் ஆயிலை ஊற்றினேன். நல்ல ஆயில்தான், ஆயில் மேல் குறை இல்லை. 'இனி கவலை இல்லை' என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் குறை. இரண்டரை மாதம் டிப் ஸ்டிக்கை உருவவே இல்லை. வண்டி ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. ஆடிப்பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பார்க்க அக்கா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு காரவல்லியிலிருந்து மேலே ஏறினேன். வளைவில் திரும்பும்போதெல்லாம் ஆயில் லைட் பளிச்சென்று எரிந்து அணைந்தது. வயர் லூஸ் என்று நினைத்துக்கொண்டேன். சம்ப்பில் ஆயில் குறைந்து, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பம்பு காற்றை உறிஞ்சியிருக்கிறது. முப்பது வளைவு தாண்டியதும் 'டக் டக்' என்று சத்தம். பேரிங் போய்விட்டது. அக்காவும் பிள்ளைகளும் அடுத்து வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். கிராங்கை லேத்தில் கொடுத்துச் சீவி, பேரிங் போட்டு வண்டியை எடுக்க, மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. அதை மீட்க ஒன்றரை வருடம் ஆயிற்று. வளைவில் ஆயில் லைட் மினுக்கினால் அடுத்த வளைவுக்குப் போகாதீர்கள். அங்கேயே ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, ஆயிலைப் பாருங்கள். நடு இரவில் நோயாளியோடு போகும்போதும் இதுதான். ஐந்து நிமிடம் நின்று ஒரு லிட்டர் ஊற்றினால் ஆஸ்பத்திரி போய்ச் சேரலாம். நிற்காமல் போனால் வழியில்தான் நிற்க வேண்டும். வண்டியில் எப்போதும் இரண்டு லிட்டர் ஆயில் சீல் பிரிக்காமல் இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பாருங்கள். மலையில் இதில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டு வாசலே சரிவாக இருக்கும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். பள்ளிக்கூட மைதானமோ, களமோ, ஒரு சமதளம் பார்த்து, எப்போதும் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் தப்பு. கிராங்க் ஆயிலில் அடித்து நுரை கிளம்பும், ஒழுகலும் கூடும்.

ஆயில் மாற்றும் அன்று வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு இறக்குங்கள். சூட்டில்தான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஃபில்டரில் புது ஆயில் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது மாதிரி. சில பட்டறைகளில், 'உள்ளே கழுவலாம்' என்று மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி இன்ஜினை ஓட விடுவார்கள். பழைய இன்ஜினுக்கு அதை அனுமதிக்காதீர்கள். பேரிங்கில் படலம் நிற்காது. கட்டி கட்டியாக அழுக்கு பெயர்ந்து பம்பின் சல்லடையை அடைக்கும். மிச்சம் தங்கி புது ஆயிலையும் நீர்க்க வைக்கும். உள்ளே அழுக்கு அதிகம் என்று சந்தேகம் இருந்தால் சம்ப்பை இறக்கி சல்லடையைக் கையால் சுத்தம் செய்யுங்கள். சம்ப் பேக்கிங் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

சொட்டும் நின்று, ஆயில் எரிவதும் சொற்பம் என்று தெரிந்த பிறகு, அடுத்த வருடம் சிந்தெடிக் ஊற்றிப் பார்க்க நினைத்தால் 40 எண்ணிலேயே வாங்குங்கள். முதல் தடவை 2,500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பெயர்ந்த அழுக்கு அதோடு வெளியேறும். பிறகு வழக்கம்போல 5,000 கிலோமீட்டர். உங்கள் ஓட்டத்துக்கு அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். ஏற்றத்துச் சூட்டில் ஆயில் சீக்கிரம் கெட்டியாகாது என்பதுதான் அதனால் கிடைக்கும் பலன். அது நிஜமான பலன்தான். ஆனால், 15,000 கிலோமீட்டருக்கு 16,200 ரூபாய் செலவாகும். சாதா ஆயிலில் 6,840 ரூபாய். டர்போ வைத்த பிற்கால வண்டி என்றால் அந்தக் கூடுதலைக் கொடுக்கச் சொல்வேன். உங்கள் பெஜோ இன்ஜினுக்கு டர்போ கிடையாது. என் வண்டியாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

எந்த ஆயில் வாங்கினாலும் சீல் பிரிக்காத டப்பாவாக வாங்குங்கள். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் வேண்டாம். காலி டப்பாவை எடைக்குப் போடுவதற்கு முன்னால் கத்தியால் கிழித்துவிடுங்கள். முழுசாகப் போகிற டப்பாதான் போலி ஆயிலோடு திரும்பி வருகிறது.

கடைசியாக, இறக்கிய கழிவு ஆயில். கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசுவதும், மரம் அறுக்கும் மெஷினின் சங்கிலிக்கு ஊற்றுவதும், மாட்டுப் புண்ணில் தடவுவதும்கூட நம் பக்கம் நடக்கிறது. எரிந்த ஆயிலில் உலோகத் துகளும், தோலுக்குப் புற்றுநோய் தரக்கூடிய கரிப்பொருள்களும் இருக்கின்றன. உங்கள் மலையில் ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள். மழை பெய்தால் வேலிக்காலில் பூசியதெல்லாம் எங்கே போகும்? ஒரு கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் எடுக்க உரிமம் உள்ளவருக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். 

அட்டை விரித்துப் பார்த்ததில் சொட்டு எங்கே விழுந்தது, புகை என்ன நிறம் என்பதை மட்டும் எனக்கு ஒரு தபாலில் எழுதுங்கள். பின் சீல்தான் என்றால் வேலைக்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டிய சாமான்களை எழுதி அனுப்புகிறேன்.

''ஜீப்புக்கு வாங்கிய ஆயில் அரை லிட்டர் மீதம் இருக்கிறது. அதை என் பைக்குக்கு ஊற்றலாமா?''

- வாசகர் ஒருவர், சேந்தமங்கலம்.

வேண்டாம். பைக்கில் இன்ஜின் ஆயிலிலேயே கிளட்ச் பிளேட்டும் மூழ்கியிருக்கும். கார், ஜீப் ஆயில் பட்டால் சில வண்டிகளில் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று போட்ட ஆயிலை, பைக்கின் கையேட்டில் சொன்ன எண்ணில் வாங்குங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு 'எம்பி' என்று போட்டது. பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் என்றால் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான், வேறு எதுவும் கூடாது. மீதம் உள்ள அரை லிட்டரை மூடி இறுக்கி, தேதி எழுதி, ஜீப்பின் சீட்டுக்கு அடியில் வையுங்கள்.